துடைக்காமல் விட்ட துரு

போன மாதம் காப்பகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், பெயர் மெலீனா. ஆயுதப் பிரிவில் இருக்கிற எல்லாவற்றையும் புதிதாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்களாம். மற்றத் துப்பாக்கிகள் எல்லாம் எண்ணெய் பூசிப் பளிச்சென்று இருக்க, ஒன்று மட்டும் துருவோடு கிடக்கிறது. அதன் பெட்டியில் 'துடைக்க வேண்டாம்' என்று நான் எழுதிக் கட்டிய அட்டை இன்னமும் தொங்குகிறது. "மறந்து விட்டுவிட்டீர்களோ?" என்று மிகவும் பணிவாகக் கேட்டாள்.

மறக்கவில்லை என்றேன். அப்படியானால் ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவளுக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அலுவலகத்துக்கு அது போதும். ஆனால் அனுப்பிய பிறகு எனக்குத்தான் போதவில்லை. சம்பந்தப்பட்ட அம்மையார் காலமாகி வெகுகாலம் ஆகிறது. தனக்குப் பிறகு சொல்லலாம் என்று அவரே சொல்லியும் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆக்லாந்துக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே என்ன படித்தேன், யாரிடம் அடி வாங்கிப் படித்தேன் என்பதெல்லாம் இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரும்பு என்ன சொல்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் ஓரளவு தெரியும், அவ்வளவுதான். இங்கே வந்து சில மாதம் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு நகர மையத்தில் இருந்த ஒரு பழம்பொருள் காப்பகத்தில் ஆயுதப் பிரிவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது என் மனைவி பவானி மாசி என்ற புறநகர்ப் பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"துவக்குக்குப் பயந்துதானே கடல் கடந்து வந்தனாங்கள்? இஞ்ச வந்து நீங்கள் துவக்குத் துடைக்கப் போறியள். நல்லாத்தான் இருக்கு!"

"அதெல்லாம் செத்த துவக்கப்பா. நூறு வருசப் பழசு."

"செத்ததெண்டு ஆர் சொன்னது?" என்றாள். நான் தோசையைப் பிய்த்தேன். ஏறக்குறைய இதே கேள்வியை வேலையின் முதல் நாளே என் மேலதிகாரி கேட்கப்போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் பெயர் வீரெமு. இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். இராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்றுக் காப்பகத்துக்கு வந்தவர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். குரல் மட்டும் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் மேசைக்கு முன்னால் சற்று நேரம் சும்மா நிற்பார். பிறகுதான் கையை நீட்டுவார். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அவரை 'சேர்' என்று கூப்பிட்டபோது பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறாய் என்று தேடினார். அன்றோடு 'சேர்' போயிற்று. சிவநாதன் என்ற என் பெயரை அவர் 'நாதன்' ஆக்கினார்.

ஆயுத அறையின் வாசலுக்கு வெளியே ஒரு முக்காலியில் தண்ணீர்ச் சட்டி இருக்கும். அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் வீரெமு அதில் கையை நனைத்துத் தன் மேல் தெளித்துக்கொள்வார். இறந்தவர்களின் பொருளோடு இருந்துவிட்டு வருகிறோம் என்பதால் அப்படித் தெளித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. செத்தவீட்டுக்குப் போய்விட்டுத் தலை முழுகாமல் உள்ளே வந்தால் எங்கள் வீட்டிலும் விடமாட்டார்கள். நானும் தெளித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். எங்களுக்குள் ஒத்துப்போனது அந்தத் தண்ணீரில்தான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "நாதன், செத்த துப்பாக்கி என்று யாராவது சொன்னால் அவனிடம் கேள், நாடி பிடித்துப் பார்த்தாயா என்று. இங்கே ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்துவிட்டு, கண்டதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆளும் பார்த்துவிட்டு, கண்டதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். 'நானும் அதேதான்' என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

இன்னொரு சட்டமும் இருந்தது. அதில்தான் நான் நாள்தோறும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். துப்பாக்கியை ஒரு கையால், கைப்பிடியில் மட்டும் பிடித்து வாங்க வேண்டும். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் சரி, சட்டைப் பைக்குள் இருந்தாலும் சரி. எனக்கோ யார் எதைத் தந்தாலும் இரண்டு கையும் தானாக நீளும். திருநீறானாலும் சம்பளக் கவரானாலும் ஒற்றைக் கையால் வாங்கினால் மரியாதையில்லை என்று வளர்ந்த உடம்பு. வலக்கை கீழே தாங்கும், இடக்கை மேலே மூடும். "நாதன், இது பிறந்தநாள் கேக் இல்லை!" என்பார் வீரெமு. மறுநாளும் அதையே செய்வேன்.

அந்த வருடம் நாங்கள் ஒரு கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். கைத்துப்பாக்கி தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளப் பழகிய கதைதான் அதன் பொருள். ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்த காரியம் அது. அதற்கு முன் இருந்தது ரிவோல்வர், சுழலும் உருளை வைத்தது. அதில் எல்லாம் வெளிச்சம். உருளையைப் பார்த்தாலே உள்ளே எத்தனை ரவை, அதாவது தோட்டா, சுட்டபின் மிஞ்சிய வெற்றுக்கோது எத்தனை என்று தெரிந்துவிடும். பழைய கரிமருந்து வெடித்தால் உள்ளெல்லாம் புகைக்கரி அப்பிக்கொள்ளும் என்பதால், நுட்பமான பாகம் எதையும் உள்ளே வைத்து ஓட்ட முடியாது. பிறகு புகையில்லாத மருந்து வந்தது. உடனே ஐரோப்பாவில் ஆளாளுக்கு ஒரு யோசனை. வெடிக்கும்போது கையை உதைக்கிறதே, அந்த உதைப்பை வீணாக்காமல் அதைக்கொண்டே வெற்றுக்கோதை வெளியே எறியவும் அடுத்த ரவையை உள்ளே தள்ளவும் வைத்தால் என்ன?

எங்கள் மேசையில் அந்த யோசனைகள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் குழலே முன்னால் பாய்ந்து கோதை விட்டு விலகும். இன்னொன்றில் குழலுக்குப் பின்னால் முழங்கால் மாதிரி ஒரு மூட்டு மேல்நோக்கி மடிந்து நிமிரும். இன்னொன்று ரவைப் பெட்டியை விசைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் மர உறையையே பின்னால் மாட்டித் தோளில் வைத்துச் சுடலாம். கடைசியில் பெல்ஜியத்தில் செய்த ஒன்று எல்லோரையும் முந்திக்கொண்டது. ரவைகள் கைப்பிடிக்குள் போய்விட்டன. மேலே ஓர் இரும்புக் கூடு, சுட்டவுடன் பின்னால் ஓடிக் கோதை எறிந்துவிட்டு, முன்னால் வரும்போது புது ரவையோடு வரும். சட்டைப் பைக்குள் அடங்கும். வெளியே பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது.

"ரிவோல்வரில் சுட்ட பிறகு வெற்றுக்கோதுதான் குழலுக்குப் பின்னால் நிற்கும்" என்றார் வீரெமு ஒருநாள், அந்தப் பெல்ஜியத் துப்பாக்கி வகையைக் காட்டி. "இதில் அப்படியில்லை. சுட்டு முடித்த அந்தக் கணமே அடுத்த ரவை வந்து நிற்கும். சுட்டவன் செத்து விழுந்துவிட்டாலும் இது ஆயத்தமாகக் காத்துக்கொண்டிருக்கும். அவன் கேட்காமலே."

அதை அவர் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஈயத்தகடு அடித்த அறையில் எங்களிடம் ஓர் எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது. வருகிற துப்பாக்கி எதையும் திறப்பதற்கு முன் அதில் படம் எடுத்துப் பார்ப்போம். ஒரு தடவை முழங்கால் மூட்டு வைத்த துப்பாக்கி ஒன்றின் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். குழலின் பின்முனையில் முழு ரவை ஒன்று நின்றது. சுருள்வில் அழுந்தி இறுகிக் கிடந்தது. என் தகப்பன் பிறப்பதற்கு முன் யாரோ இழுத்து வைத்த வில், அத்தனை காலமும் விடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்று நான் சட்டித் தண்ணீரை இரண்டு தடவை தெளித்துக்கொண்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

மிஸ் எடித்தின் தொலைபேசி அழைப்பு குளிர்காலத்தில் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்யாதவர். த்ரீ கிங்ஸ் பகுதியில் தான் தனியாக வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். வீட்டில் தகப்பனின் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது, இல்லத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது, எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். வீரெமு போலீஸ் அனுமதி வாங்கினார். மழை பெய்த ஒரு முற்பகலில் இருவரும் போனோம்.

வீட்டில் பாதிச் சாமான்கள் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. தேநீர் தந்தார். தேநீரோடு கதையையும் தந்தார்.

தகப்பன் தென்னாபிரிக்கப் போருக்குப் போனவர். திரும்பி வரும்போது அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். வடக்கே ஒதுக்குப்புறமாக ஒரு பால்பண்ணை. எடித் ஒரே பிள்ளை. அவருக்கு நான்கு வயது நடந்தபோது தகப்பன் அடுக்களையில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்தார். தாய் அப்போது மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாராம்.

"எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்றார் மிஸ் எடித். "அம்மா அதைப் பற்றிச் சாகும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று ஊர்க் காவலர் வந்து பார்த்ததாக ஊரில் சொன்னார்கள். அவருக்கு ரிவோல்வர்தான் தெரியும். இதை எப்படித் திறப்பது என்று தெரியாமல், தொடவும் பயந்து, அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனாராம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள். உன் அப்பா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார், உன்னோடு இருக்கப் பிடிக்காமல் போய்விட்டார் என்று."

வீரெமு கோப்பையைக் கீழே வைத்தார்.

"எழுபது வருடத்துக்கு மேலாக நான் ஒரே கேள்வியோடு இருக்கிறேன். நான் என்ன செய்தேன், அவர் என்னை விட்டுப்போக? இதை எத்தனையோ போதகர்களிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் துப்பாக்கி தெரிந்தவர்கள். அவர் தானாகத்தான் போனாரா? அது மட்டும் தெரிந்தால் போதும். நான் கேட்டால் எதையும் என்னிடம் மறைக்கக் கூடாது."

"துப்பாக்கி சொல்வதைச் சொல்கிறோம். அதற்கு மேல் நாங்கள் இட்டுக்கட்ட மாட்டோம்" என்றார் வீரெமு.

அதன் பிறகு அம்மையார் தாயைப் பற்றிக் கலகலவென்று கதைக்கத் தொடங்கினார். கண்டிப்பான பெண்ணாம். ஒரு விசித்திரப் பழக்கமும் இருந்ததாம். ஒவ்வொரு இரவும் படுக்கப்போகும் முன் மகளின் வலக்கையை மட்டும் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு நெடுநேரம் கழுவிவிடுவாராம். இடக்கையை நீட்டினால், நீயே கழுவிக்கொள் என்பாராம். எடித் வளர்ந்து பெரிய பெண்ணாகும் வரை அது நிற்கவில்லை. "எழுதுகிற கை, மை படுகிற கை என்று நினைத்திருப்பாள் போல!" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

வீரெமு குனிந்து எங்கள் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அதற்குள் மிஸ் எடித் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, எங்களிடம் ஒன்றும் கேட்காமல், உள்ளே இருந்ததைத் தூக்கி என்னிடம் நீட்டிவிட்டார். தடித்த ஃபிளனல் துணிக்குள் வைத்து அவர் தாய் அந்தக் காலத்திலேயே இறுக்கமாகத் தைத்து மூடியது. துணிக்கு மேலாகவே கைப்பிடி எது, குழல் எது என்று தெரிந்தது. கைப்பிடி அவர் வலக்கையில் இருந்தது. குழல் என் வயிற்றை நோக்கி இருந்தது. என் இரண்டு கையும் வழக்கம்போல நீண்டன. வலக்கை கீழே தாங்கியது, இடக்கை மேலே மூடியது.

"வேண்டாம்! விடு! விடு!"

அது ஓர் ஆசிரியையின் குரல் அல்ல. கீச்சென்ற சின்னப் பிள்ளையின் குரல். அந்த அறையில் நான்காவதாக யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து நான் உண்மையிலேயே வாசலைப் பார்த்தேன். மிஸ் எடித் கையை உதறி எடுத்துவிட்டு, தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"மன்னியுங்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்?" என்று எங்களிடமே கேட்டார்.

திரும்பி வரும்போது வீரெமு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மழையில் கார் கொஞ்சத் தூரம் வந்த பிறகு, "எந்தக் கை மேலே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். இடக்கை என்றேன்.

மறுநாள் துணியோடு சேர்த்து எக்ஸ்ரே எடுத்தோம். அதே பெல்ஜிய வகை. கைப்பிடிக்குள் ரவைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி உட்கார்ந்திருந்தன. குழலின் பின்முனையிலும் ஒன்று இருந்தது.

"சொல்" என்றார் வீரெமு.

"குழலில் ஒரு ரவை" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். "ரவை இல்லை. கோது. முன்னால் குண்டு இல்லை. வெற்றுக்கோது."

அவர் வந்து தன் கண்ணால் பார்த்தார். "வெற்றுக்கோது, தன் இடத்திலேயே. கீழே ரவைகள் இருக்கின்றன, ஒன்றுகூட மேலே ஏறவில்லை" என்றார். "சுட்டிருக்கிறது, நாதன். ஆனால் நிரப்பவில்லை."

சுட்டவுடன் கோதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்து வைப்பதுதான் அந்தத் துப்பாக்கி பிறந்ததன் நோக்கமே. அதை அது செய்யவில்லை. ஏன்? வீரெமு ஒவ்வொன்றாக ஒதுக்கினார். தையலைப் பிரித்து, துணியை விலக்கி, கோதை வெளியே எடுத்துப் பார்த்தோம். நல்ல கோது, மருந்து குறைந்த அறிகுறி இல்லை. கோதைக் கவ்வி இழுக்கும் கொக்கி உடையவில்லை. சுருள்வில் சரி. எண்ணெய் விட்டதும் மேற்கூடு தடங்கலில்லாமல் ஓடியது. கடைசியில் ஒரு காரணம்தான் மிஞ்சியது. சுட்ட நேரத்தில் அந்தக் கூட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. பின்னால் ஓட விடவில்லை.

கை என்று நான் ஊகத்தில் எழுதவில்லை. துணியை எடுத்தபோதே அதைப் பார்த்துவிட்டோம். வியர்வையும் இரத்தமும் பட்ட இரும்பைத் துடைக்காமல் மூடி வைத்தால், பட்ட இடத்தில் மட்டும் துரு அரிக்கும். அந்தக் கூட்டின் மேல் ஓர் உள்ளங்கை துருவாகப் படிந்திருந்தது. ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் பெருவிரல். ரேகைகூட இரண்டொரு இடத்தில் தெரிந்தது. பெரிய கை. கைப்பிடிப் பக்கமிருந்து வந்த கையல்ல, குழலின் வாய்ப் பக்கமிருந்து வந்த கை.

வீரெமு கண்காட்சிக்காக மரத்தில் செய்து வைத்திருந்த மாதிரித் துப்பாக்கி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "நேற்று அவரிடம் வாங்கியதுபோல வாங்கு."

வாங்கினேன். அவர் என் இடக்கையையும் துருவையும் மாறி மாறிப் பார்த்தார். விரலுக்கு விரல் ஒத்துப்போயிற்று. எழுபது வருடத்துக்கு முன் ஒரு மனிதன் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். குழல் என் வயிற்றைப் பார்த்தது.

"தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறவனும் இப்படித் திருப்பிப் பிடித்திருக்கலாம்தானே? ஒரு கையால் கூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைப் பெருவிரலால் விசையைத் தள்ளலாம்" என்றேன். மனதார அதையே விரும்பினேன்.

"பிடித்திருக்கலாம்" என்றார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டு, துப்பாக்கியை மெதுவாகச் சாய்த்து, விசையைச் சுற்றி வளையம்போல இருக்கும் இரும்பை வெளிச்சத்துக்குக் காட்டினார். "இப்போது சொல்."

வளையத்தின் மேல் துருவில் சின்னச் சின்னதாக மூன்று புள்ளி, நெருக்கமாக. வளையத்துக்குள்ளே, விசையின் முகத்தில் இன்னொன்று. சட்டப்படி நான் வாயால் சொல்ல வேண்டும். அவர் காத்திருந்தார்.

"விரல்கள்" என்றேன். "சின்னப் பிள்ளையின் விரல்கள்."

"சின்ன விரல்கள். வலக்கை" என்றார் வீரெமு. கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்தார்.

அன்று வெளியே வந்து இருவரும் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். மறுநாள் காலை என் மகள் மாதுமை பாலில் ஊறிய தானியத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நான்கு வயது. கரண்டியைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வாட், அப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "துவக்குக் கனவோ?" என்றாள் பவானி. அவளிடமும் சொல்லவில்லை.

மிஸ் எடித்திடம் என்ன சொல்வது? அடுத்த சில நாட்களில் எங்களுக்குள் நடந்த ஒரே வாக்குவாதம் அதுதான். நான் சொல்ல வேண்டாம் என்றேன். எண்பது வயதில் அந்தச் சுமையை ஏற்றி என்ன ஆகப்போகிறது? தகப்பன் தானே சுட்டுக்கொண்டார் என்ற கதையோடு வாழ்ந்துவிட்டார், அப்படியே போகட்டும். அந்தத் தாய் வாழ்நாள் முழுக்க வாயை மூடியிருந்ததும் அதற்காகத்தானே? ஊர் தன் புருஷனைத் தூற்றட்டும், பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று இருந்திருக்கிறாள்.

"அந்தக் கதை அவருக்குச் சுமையில்லை என்றா நினைக்கிறாய்?" என்று கேட்டார் வீரெமு. "கேட்டதற்குப் பதில் சொல்வேன். கேட்காததைச் சொல்ல மாட்டேன். எவ்வளவு தூரம் போவது என்பதை அவர் முடிவு செய்யட்டும்."

மிஸ் எடித் டாக்சியில் வந்தார். நல்ல மேலங்கியும் தொப்பியும் அணிந்து தேவாலயத்துக்குப் போகிறவர்போல இருந்தார். வீரெமு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார். உயரமான ஆள் அல்லவா, நின்றுகொண்டு சொல்லக்கூடிய செய்தியில்லை என்று நினைத்திருப்பார். சுட்டது, ஆனால் நிரப்பவில்லை என்பதைச் சொன்னார். மேலே ஒரு கை இருந்தது என்பதைச் சொன்னார். அது பெரிய கை, முன்பக்கமிருந்து பிடித்த கை என்றும் சொன்னார்.

"அப்பாவின் கையா?"

"அப்படித்தான் நம்புகிறோம்."

அவர் மேசையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். ரவையெல்லாம் எடுத்து, சுத்தமாக வெறுமையாக்கி, இருவரும் பார்த்து இருவரும் சொல்லி வைத்திருந்தோம். துருவில் மட்டும் கை வைக்கவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்று என்னிடமிருந்து வாங்கினீர்களே, அதேபோல இன்னொரு தடவை வாங்குவீர்களா?"

நான் வீரெமுவைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு மரமாதிரியை எடுத்து அம்மையார் கையில் கொடுத்தார். அவர் வலக்கையால் அதை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் விடவில்லை. நான் மெல்ல என் பக்கம் இழுத்தேன். அந்த இழுப்பில் அவருடைய சுட்டுவிரல் தானாக விசையை மடக்கியது. மரம்தான், ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அவர் தோள் இரண்டும் தூக்கிப்போட்டன.

அப்படியே நின்றோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகம் இருந்த இடத்தில் வேறொரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சிரித்துக்கொண்டிருந்தார்" என்றார் மெதுவாக. "பயப்படாதே கண்ணு, அப்பாவிடம் தா என்று சிரித்துக்கொண்டே வந்தார்." பிறகு மரத்தை விட்டுவிட்டு வீரெமுவிடம், "வேறு அடையாளம் இருக்கிறது, இல்லையா? காட்டுங்கள்" என்றார்.

கேட்டுவிட்டார். வீரெமு துப்பாக்கியைச் சாய்த்து உருப்பெருக்கியைப் பிடித்தார். மிஸ் எடித் குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றி, சுருக்கம் விழுந்த தன் விரல்களை அந்தச் சின்னப் புள்ளிகளுக்குப் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோய் வைத்தார்.

அவர் மயங்கி விழுவார் என்று நான் தண்ணீருக்கு ஓட ஆயத்தமாக நின்றேன். விழவில்லை. அழுதார், சத்தமில்லாமல், நிறைய நேரம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார்.

"அவர் என்னை விட்டுப் போகவில்லை. எனக்கு அடிபடக் கூடாது என்று என்னிடமிருந்து அதை வாங்க வந்தார்."

"ஓம்" என்றேன். ஆமாம் என்று சொல்ல ஆங்கிலம் மறந்து தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

போகும்போது துருவைத் துடைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்பாவின் கை அது ஒன்றுதான் தன்னிடம் மிஞ்சியிருக்கிறது என்றார். நான் அன்றே அட்டை எழுதிக் கட்டினேன். வீரெமு அவரை வாசல் வரை கூட்டிவந்து, தண்ணீர்ச் சட்டியைக் காட்டி எங்கள் வழக்கத்தைச் சொன்னார். இறந்தவர்களோடு இருந்துவிட்டு வருகிறோம், கையை நனைத்துக்கொண்டு போகலாம் என்றார்.

மிஸ் எடித் இடக்கையை மட்டும் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். வலக்கையைச் சட்டிக்கு மேலே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேண்டாம்" என்றார். "இதை என் அம்மா கழுவி முடித்துவிட்டாள்."

அந்தக் கையாலேயே எங்கள் இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.